ஜெயிச்ச ஊர்க் கடிதங்கள்

12 ஜனவரி 1984

என் கட்டெறும்புக்கு,

அத்தை எழுதறேன். ஆண்டவன் புண்ணியத்துல இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். நீ அந்த ஊருக்குப் போய்ச் சேர இன்னும் பன்னிரண்டு நாள் இருக்குன்னு தெரியும். இருந்தாலும் நீ பெட்டியைக் கீழ வைக்கறதுக்கு முன்னாடியே என் கடிதம் ஓட்டல்காரர் மேஜையில உக்காந்திருக்கணும். நீ எழுதிக் குடுத்த ஊர் லிஸ்ட்டைத் தையல் மெஷினுக்கு மேல சுவத்துல ஒட்டியாச்சு. இனிமே நீ எங்க ஆடினாலும் ஒரு ஊருக்கு ஒரு கடிதம். சாமிகிட்ட சொல்லிட்டேன். இனி நானே நினைச்சாலும் மாத்த முடியாது.

உங்கப்பா கிண்டல் பண்றார். "பிள்ளை பந்தைப் பாக்கறதா, உன் நீட்டோலையைப் படிக்கறதா?"ன்னார். "அண்ணா, நீ உன் கோட்டைப் போடு, நான் என் கடிதத்தைப் போடறேன்"னு சொல்லிட்டேன். டென்னிஸ் கிளப்புல இருக்கற ஆறு மண் கோர்ட்டுக்கும் காலையில தண்ணி தெளிச்சு, உருளை இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட இன்னும் அவர் ஒருத்தர்தான். முப்பது வருஷமா அவர் போட்ட கோட்டையெல்லாம் நீட்டி வெச்சா நீ இருக்கற ஊர் வரைக்கும் வந்துடும். அந்த உருளைக்குப் பின்னாடி, மெம்பருங்க தூக்கிப் போட்ட பந்தை வெச்சுக்கிட்டு சுத்தின வாண்டு இப்போ ப்ளேன் ஏறிப் போய் ஆடுது. நினைச்சாலே எனக்கு மயிர்க்கூச்செறியுது.

போன மாசம் உன்னை டி.வி.ல காட்டினாங்க. நம்ம டி.வி. இல்லை, உங்க மாமா கடைக்கு ரிப்பேருக்கு வந்தது. டி.வி. ரிப்பேர்காரர் வீட்டுல சொந்தமா டி.வி. இருக்கக் கூடாதுன்னு ஏதோ சட்டம் இருக்கும் போல. நீ பந்தை மேல போட்டுட்டு அண்ணாந்து பாத்துக்கிட்டு ஒரு நொடி நின்னே. நாணல் மாதிரி பின்னாடி வளைஞ்சிருந்தே. அதுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னு என் கண்ணுக்குத் தெரியலை. சத்தம் மட்டும்தான் வந்துச்சு. எதிர்ல நின்ன பொண்ணு அசையவே இல்லை. பாவம், அவளுக்கும் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கும். இந்தத் தோளுக்கா நான் சோப்புப் போட்டேன்னு வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்துட்டேன். மூணு மாசக் குழந்தையா, அம்மா இல்லாம என் கைக்கு வந்தவ நீ. பல்லு முளைச்சதும் முதல்ல கடிச்சது என் தோளைத்தான். கட்டெறும்புன்னு பேரு வந்ததே அதனாலதான்.

ஒரு குறை சொல்லணும். ரெண்டாவது பந்தை எதுக்குடி டவுசருக்குள்ள சொருகிக்கறே? உலகமே பாக்குது. நான் தெச்ச பாவாடையில வலது பக்கம் பாக்கெட் இருந்துச்சே. கம்பெனிக்காரன் சும்மா குடுக்கறான்னு பாக்கெட் இல்லாததைப் போட்டுக்கணுமா? அவன் தையலும் சரியில்லை. இடுப்புல நூல் தொங்குது, டி.வி.லயே தெரிஞ்சுது.

எனக்கு ஐம்பத்தொண்ணு முடிஞ்சுது. ஊசியில நூல் கோக்க இன்னும் கண்ணாடி வேண்டாம். ஜெயிக்கறதும் தோக்கறதும் ஆண்டவன் கையில. முட்டியைப் பாத்துக்கோ.

உன் அத்தை


2 பிப்ரவரி 1984

அன்புள்ள அத்தைக்கு,

ரெண்டாவது ரவுண்டுல தோத்துட்டேன்.

வந்தன்னைக்கே உங்க கடிதத்தைக் குடுத்தாங்க. பயத்துல பிரிக்காம மட்டைப் பைக்குள்ள போட்டுட்டேன். தோத்துட்டு ரூமுக்கு வந்து, ஷூ கூடக் கழட்டாம உக்காந்து பிரிச்சேன். பாக்கெட் விஷயம் படிச்சு நான் சிரிச்ச சிரிப்புல பக்கத்து ரூம்காரங்க சுவத்தைத் தட்டினாங்க. தோத்த அன்னைக்கு நான் சிரிச்சது இதுதான் முதல் தடவை.

எதிர்ல ஆடினவங்க உலகத்துல நாலாவது இடம். அவங்க அடிச்ச பந்து என்னைத் தாண்டிப் போறப்ப காதுகிட்ட ஒரு காத்து வந்துச்சு. வருத்தமே இல்லை அத்தை. மனுஷங்களால இப்படியும் ஆட முடியுமான்னு இருந்துச்சு. நாளைக்குக் காலையில இருந்து நானும் அப்படி ஆடப் பாக்கணும்.

அப்பாகிட்ட சொல்லுங்க, இங்க கோர்ட்டை எட்டு பேர் சேர்ந்து இழுக்கறாங்க. அப்படியும் மூலையில தண்ணி நிக்குது.

உங்க கட்டெறும்பு


9 செப்டம்பர் 1985

என் கண்ணுக்கு,

இந்த வருஷம் மட்டும் மூணு கப்பு. உலகத்துல ஏழாவது இடம்னு பேப்பர்ல போட்டிருந்தான். உலகம் எவ்வளவு பெருசு, அதுல ஏழாவது ஆள் என் மடியில மூத்திரம் போனவளான்னு நினைச்சப்ப தலை சுத்திச்சு. அந்தப் பேப்பரை நாலா மடிச்சு சாமி படத்துக்குப் பின்னாடி வெச்சிருக்கேன். அவருக்கும் தெரியட்டும். தெரியாம இருக்காது, இருந்தாலும் நாம சொல்றது மரியாதை.

ஆனா உன்மேல எனக்கு ஒரு மனத்தாங்கல். சொல்லாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. நீ தோத்த ஊர்ல இருந்து நாலு பக்கம் எழுதறே. நான் கேட்டதுக்கெல்லாம் வரிக்கு வரி பதில் வருது. ஜெயிச்ச ஊர்ல இருந்து ஒரு தந்திதான் வருது, "ஜெயிச்சேன்"னு ஒத்தை வார்த்தை. ஏப்ரல்ல எழுதினேனே, பச்சைத் துணி நல்லா இருக்குமா நீலம் நல்லா இருக்குமான்னு? பதிலே இல்லை. கடைசியில பச்சையை வெட்டித் தெச்சுட்டேன். கப்பு கைக்கு வந்ததும் அத்தை காணாமப் போயிடறா. இப்படியே போனா நீ தோக்கணும்னு நான் வேண்டிக்கற நிலைமை வந்துடும். சும்மா சொன்னேன். அவர் காதுல விழாம இருக்கட்டும்.

நீ ஆடறதை உங்கப்பா எப்படிப் பாக்கறார் தெரியுமா? பந்தைப் பாக்கறதே இல்லை. மண்ணைத்தான் பாக்கறார். "அந்தக் கோடியில ஈரம் பத்தலை, பந்து நெஞ்சுக்கு எகிறும், கொஞ்சம் பின்னாடி நில்லு"ன்னு டி.வி.யைப் பாத்து சொல்றார். நீ பின்னாடி போய் நிக்கறே. ஆயிரக்கணக்கான மைலுக்கு அந்தப் பக்கம் அவர் சொன்னது உனக்கு எப்படிக் கேட்டுச்சு?

நான் அவ்வளவா பாக்கறதில்லை. நான் பாத்தா நீ பந்தை வலையில அடிக்கறே, ரெண்டு மூணு தடவை சோதிச்சுப் பாத்துட்டேன். டி.வி.க்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்து பட்டன் தெக்கறேன். உங்க மாமா ஸ்கோர் சொல்றார். அரை இறுதி அன்னைக்கு டி.வி.க்குச் சொந்தக்காரர், மளிகைக் கடைக்காரர், வந்துட்டார். மாமா கூசாம, "உள்ள ஒரு பார்ட்டு போயிடுச்சுங்க, வெளியூர்ல இருந்து வரணும்"னார். உள்ள டி.வி.ல ஜனங்க கை தட்டற சத்தம் கேக்குது. அவர் எட்டிப் பாத்தார். "பார்ட்டு இல்லாமலே நல்லா ஓடுதே"ன்னு சொல்லிட்டு செருப்பைக் கழட்டிட்டு வந்து எங்களோட உக்காந்துட்டார். பொய் சொன்னதுக்கு மாமாவை சாமி முன்னாடி மன்னிப்புக் கேக்க வெச்சேன்.

அடுத்த ஊர்லயாவது ஜெயிச்சுட்டு நாலு வரி எழுது.

உன் அத்தை


14 மே 1987

என் கண்ணே,

இந்தக் கடிதத்தை எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம ரெண்டு நாளா பேனாவைத் திறந்து திறந்து மூடறேன்.

உங்கப்பாவுக்கு உடம்பு சரியில்லை. நெஞ்சுல தண்ணி கோத்திருக்கு. முதல்ல மண் தூசி இருமல்னு நினைச்சோம். போன வாரம் உருளையைப் பாதியில விட்டுட்டுக் கோர்ட்டு நடுவுலயே உக்காந்துட்டார். டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு, ஒரு மாசம் தாண்டறது கஷ்டம்னு சொன்னாங்க. நான் அவர்கிட்ட சொல்லலை. அவருக்குத் தெரியும்னு அவர் மூஞ்சி சொல்லுது.

ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்ததும் வராததுமா முதல் வேலையா எங்க ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டார். மாமா கையைப் பிடிச்சுக்கிட்டு, "ஃபோன் பண்ணக் கூடாது. யார் மூலமாவும் சொல்லி அனுப்பக் கூடாது. அது மண் கோர்ட்டுல நடக்கற பெரிய போட்டி. அவ பிறந்ததே அதுக்குத்தான்"னார். என்னைப் பாத்து, "நீ வாயைத் திறக்கக் கூடாது"ன்னார். அவர் தலையில கை வெச்சு சத்தியம் பண்ணினேன். வாயைத்தான் திறக்க மாட்டேன்னு சொன்னேன். கையால எழுத மாட்டேன்னு சொல்லலை. இது தப்புன்னா ஆண்டவன் என்னைக் கேக்கட்டும், பதில் சொல்லிக்கறேன்.

கவர் மேல "அவசரம்"னு எழுதலாம்னு பாத்தேன். முடியாது. படுத்துக்கிட்டே, கடிதம் போடப் போறப்ப கவரைக் காட்டுன்னு கேக்கறார். அதனால எப்பவும் போடற அதே நீலக் கவர்ல, எப்பவும் போல எழுதி அனுப்பறேன். ஊருக்கு ஒரு கடிதம், இந்த ஊர்க் கடிதம் இதுதான்.

நீ வந்துடு. நான் எழுதினேன்னு சொல்லாதே. முட்டி வலி, ஆட முடியலை, திரும்பி வந்துட்டேன்னு சொல்லு. ஒரு பொய்தானே, அந்தப் பாவத்தை நான் வாங்கிக்கறேன். போட்டி வருஷா வருஷம் வரும். அப்பா வருஷா வருஷம் வர மாட்டார்.

நேத்துத் தூக்கத்துல கையைக் காத்துல நீட்டி ஏதோ கோடு போட்டுக்கிட்டிருந்தார். நேராத்தான் போட்டார்.

வந்துடு கண்ணு.

அத்தை


22 ஜூன் 1987

சௌக்கியமா?

உன் அப்பா சாமான் எல்லாத்தையும் ஒரு பெட்டியில போட்டு வெச்சிருக்கேன். கோடு போடற வண்டியைக் கிளப்புக்காரங்க எடுத்துக்கிட்டாங்க. தொப்பியும் விசிலும் இருக்கு. வேணும்னா சொல்லி அனுப்பு.

அடக்கத்துக்கு வந்திருந்தவங்க பத்து இருபது பேர் முன்னாடி நீ என்னைப் பாத்து, "எனக்கு யாருமே சொல்லலையே, ஏன் அத்தை சொல்லலை?"ன்னு கேட்டே. நான் பதில் பேசலை. ஏன் பேசலைன்னு உனக்கே தெரியும். அந்தக் கூட்டத்துல வெச்சு உன்னைக் குறைச்சுக் காட்ட எனக்கு மனசு வரலை. அவ்வளவுதான்.

பெரிய கப்பு. உலகமே பாராட்டுது. நல்லா இரு.

சுவத்துல இருந்த லிஸ்ட்டை எடுத்துட்டேன். இனிமே ஊருக்கு ஒரு கடிதம் வராது.

அத்தை


8 ஜூலை 1987

அத்தைக்கு,

நீங்க ஏன் பேசலைன்னு எனக்குத் தெரியும். பேச பதில் இல்லை, அதான் பேசலை. அப்பா படுக்கையில கிடந்தது உங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. டி.வி. சொந்தக்காரருக்குக் கூடத் தெரிஞ்சிருக்கு. கப்பைக் கையில வெச்சுக்கிட்டு அப்பாகிட்ட பேசணும்னு கடைக்கு ஃபோன் பண்றேன், மாமா அழறார்.

என்னை வளர்த்தீங்க, மறக்க மாட்டேன். ஆனா பெத்தவளா இருந்தா மறைச்சிருக்க மாட்டா.

பெட்டி உங்ககிட்டயே இருக்கட்டும்.


3 அக்டோபர் 1992

அன்புள்ள அத்தைக்கு,

அஞ்சு வருஷம் கழிச்சு எழுதறேன். கிழிச்சுப் போடாம கடைசி வரைக்கும் படிங்க. அதுக்கப்புறம் கிழிக்கறது உங்க இஷ்டம்.

என் முட்டி போன கதை பேப்பர்ல படிச்சிருப்பீங்க. ரெண்டு ஆபரேஷன் பண்ணியும் ஒத்து வரலை. போன வருஷத்தோட ஆட்டத்தை விட்டுட்டேன். இப்போ நான் இருக்கற ஊர்ல நகராட்சி மைதானத்துல ரெண்டு மண் கோர்ட்டு இருக்கு. பதினாறு பொண்ணுங்க என்கிட்ட ஆட வர்றாங்க. கோர்ட்டைப் பாத்துக்க ஆள் கிடையாது. காலையில அஞ்சரைக்கு நானே தண்ணி தெளிச்சு உருளை இழுக்கறேன். முதல் நாள் இழுத்து முடிச்சுட்டு அப்படியே கீழ உக்காந்துட்டேன். ஃபைனல்ல மூணு செட் ஆடினப்பகூட எனக்கு இப்படி மூச்சு வாங்கினதில்லை. அப்பா ஆறு கோர்ட்டை இழுத்துட்டு, வீட்டுக்கு வந்து என்னையும் தூக்கி வெச்சுக்குவார். எப்படி அத்தை முடிஞ்சுது அவரால?

போன வாரம் வீடு மாத்தினேன். பழைய மட்டைப் பையைத் தூக்கிப் போடலாம்னு கவுத்தேன். உள் பாக்கெட்டுல இருந்து ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு விழுந்துச்சு. பதினோரு நீலக் கவர். ஒண்ணு கூடப் பிரிக்கலை.

இது என்னன்னு உங்களுக்கு நான் சொன்னதே இல்லை. முதல் கடிதத்தைத் தோத்த அன்னைக்குப் பிரிச்சேன்னு எழுதியிருந்தேன் இல்லையா? அதுக்கு அடுத்த போட்டியிலயும் பையில போட்டு வெச்சேன். அந்த ஊர்ல நான் தோக்கவே இல்லை, கப்பு வாங்கிட்டேன். கடிதம் பிரிக்காமலே இருந்துச்சு. அதுல இருந்து அது ஒரு வழக்கமாயிடுச்சு. தோத்தாத்தான் அத்தை கடிதம். ஜெயிச்ச ஊர்க் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது, பிரிச்சா அந்த ஊர்ல ஜெயிச்சது கலைஞ்சு போயிடும்னு ஒரு பைத்தியக்கார நம்பிக்கை. ஆடறவங்களுக்கு எல்லாருக்கும் இப்படி ஏதாவது ஒண்ணு இருக்கும். ஒருத்தங்க கோட்டை மிதிக்க மாட்டாங்க, இன்னொருத்தங்க சாக்ஸைத் துவைக்க மாட்டாங்க. எனக்கு நீங்க.

தோத்த அன்னைக்கு யாரும் பக்கத்துல வர மாட்டாங்க அத்தை. கோச்சுகூட மூஞ்சியைத் திருப்பிக்குவார். அப்போ எனக்குன்னு பையில ஒண்ணு பாக்கி இருக்கும். தோத்தாலும் அது கிடைக்கும்னு தெரிஞ்சதாலதான் நான் பயமில்லாம அடிச்சேன். என் சர்வைப் பத்தி எல்லாரும் பெருசா எழுதினாங்க. அதுல பாதி உங்க கடிதத்தோட பலம்.

பதினொண்ணையும் வரிசையா வெச்சுக்கிட்டுத் தரையில உக்காந்து பிரிச்சேன். நாலாவதுல பச்சையா நீலமான்னு கேட்டிருக்கீங்க. பச்சைதான் அத்தை. ஏழாவதுல, உங்களுக்குக் காது குத்தலா இருக்கு, டாக்டர்கிட்ட போகவான்னு கேட்டிருக்கீங்க. போனீங்களா? சிரிச்சுக்கிட்டே படிச்சுட்டு வந்தேன். பதினோராவதைப் பிரிச்சேன்.

அரை இறுதிக்குக் கிளம்பறப்ப பையில கையை விட்டு அந்தக் கடிதம் இருக்கான்னு தொட்டுப் பாத்தது எனக்கு ஞாபகம் இருக்கு. தொட்டுட்டுப் போய் ஜெயிச்சேன். பதினாலு நாள் அது என்கூடவே இருந்துச்சு. "வந்துடு கண்ணு"ன்னு எழுதினது என் கைக்கு அந்தப் பக்கம், ஒரு காகிதத்துக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கு.

நீங்க சொல்லியிருக்கீங்க. சத்தியத்தையே வளைச்சு சொல்லியிருக்கீங்க. நான் உங்களைப் பத்து பேர் முன்னாடி நிறுத்திக் கேட்டேன், நீங்க வாயைத் திறக்காம நின்னீங்க. அதுக்கப்புறம் நான் அந்த ஒரு வரியை எழுதினேன். எழுதின கை இதுதான். இதை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலை.

மன்னிக்கச் சொல்லிக் கேக்கலை. நீங்க நினைச்ச மாதிரி நான் பொய் சொல்லலை, அது மட்டும் உங்களுக்குத் தெரியணும். எனக்குத் தெரியாது அத்தை. நிஜமாவே எனக்குத் தெரியாது.

உங்க
கட்டெறும்பு


17 அக்டோபர் 1992

என் கட்டெறும்புக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்துச்சு. இன்னைக்கு சனிக்கிழமை. நடுவுல மூணு நாள் நான் மெஷின்ல உக்காரலை. பள்ளிக்கூடத்துச் சட்டை இருபது பாக்கி கிடக்கு. உங்க மாமா எதுவும் கேக்காம அவரே சமைச்சார். உப்பே இல்லை. நானும் சொல்லலை.

முதல்ல காது. டாக்டர்கிட்ட போனேன், அழுக்குதான், எடுத்துட்டாங்க. ஆறு வருஷம் கழிச்சாவது கேட்டியே.

இப்போ நான் ஒண்ணு சொல்லணும். இதை யார்கிட்டயும் சொன்னதில்லை. மாமாகிட்டயும் சொல்லலை. நீ நின்னுக்கிட்டிருந்தா உக்காந்து படி.

நான் அந்தக் கடிதம் போட்டு பத்து நாள் இருக்கும். உன் முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். உங்கப்பாவுக்குத் துணி மாத்திக்கிட்டிருந்தேன். கண்ணை மூடிக்கிட்டே, "எழுதிட்டே, இல்லை?"ன்னார். கவரைப் பாத்தாரே தவிர உள்ள இருந்ததைப் பாக்கலையே. "உன்னை எனக்குத் தெரியாதா? வாயைக் கட்டினா கையால பேசறவ நீ"ன்னார். கோவமே இல்லை. மூச்சு வாங்கிக்கிட்டே சொன்னார். "உனக்குத்தான் ஆண்டவன்கிட்ட பழக்கம் அதிகம். எனக்கு அவர்கிட்ட பேசத் தெரியாது. நீ போய்க் கேளு. அந்தக் கடிதம் அவ கைக்குப் போகக் கூடாது. போனாலும் அவ படிக்கக் கூடாது. ஆடி முடிக்கற வரைக்கும் அவளுக்குத் தெரியக் கூடாது. எனக்காக இது ஒண்ணு கேளு."

போய்க் கேட்டேன். என் அண்ணன் என்கிட்ட கேட்ட கடைசிக் காரியம், எப்படிக் கேக்காம இருப்பேன்? சாமி முன்னாடி உக்காந்து அவர் சொன்னதை அப்படியே வார்த்தை மாறாம வேண்டிக்கிட்டேன். ஆனா வாய்தான் வேண்டிச்சு. மனசு பூரா வந்துடு வந்துடுன்னு உன்னைக் கூப்பிட்டுக்கிட்டிருந்துச்சு. மனசுல இருக்கறதைத்தானே அவர் கேப்பார்னு நானும் தைரியமா எழுந்து வந்துட்டேன்.

நீ வரலை. முதல் ஆட்டம் ஆடினே, ரெண்டாவது ஆடினே. நான் வாசலைப் பாக்கறேன், டி.வி.ல நீ ஓடறே. கடிதம் போயிருக்கும், படிச்சிருப்பா, கப்புதான் பெருசுன்னு நினைச்சுட்டான்னு நானே முடிவு பண்ணிட்டேன். நான் வேண்டிக்கிட்டதை நானே மறந்துட்டேன் பாத்தியா. இல்லை, மறக்கலை. அது பலிக்கும்னு நான் நம்பவே இல்லை. விடிஞ்சா எழுந்தா சாமி சாமின்னு சொல்றவ நான். கேட்டதை அவர் குடுத்திருக்கார். குடுத்தது தெரியாம அஞ்சு வருஷம் உன்மேல கோவிச்சுக்கிட்டிருந்தேன்.

ஒண்ணு மட்டும் எனக்கு இத்தனை வருஷமா பிடிபடவே இல்லை. அந்த ஃபைனல் அன்னைக்கு உங்கப்பாவைத் தலையணை மூணு வெச்சுச் சாய்ச்சு உக்கார வெச்சோம். மளிகைக் கடைக்காரரும் வந்திருந்தார். அவர் டி.வி.தான், அவரே தூக்கிட்டு வந்தார். அன்னைக்கு மட்டும் நான் முதுகைக் காட்டலை. உங்கப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு நேரா உக்காந்து பாத்தேன். ரெண்டாவது செட் முடியற நேரம். எதிர்ல ஆடின பொண்ணு அடிச்ச பந்து உன் பக்கத்துக் கோட்டு ஓரம் விழுந்துச்சு. கோட்டைப் பாக்கற நடுவர் வெளிய விழுந்துச்சுன்னு கையை நீட்டிட்டார். ஜனங்க தட்டறாங்க. உங்கப்பா மெதுவா, "இல்லை, கோட்டைத் தொட்டுச்சு"ன்னார். நீ நடந்து போனே. குனிஞ்சு மண்ணுல இருந்த தடத்தைப் பாத்தே. அப்புறம் ஷூவால அந்தத் தடத்தை அழிச்சுட்டு, பாயிண்ட் அவளுதுன்னு கையைக் காட்டிட்டுத் திரும்பிட்டே. அந்த ஒண்ணுல செட்டே போச்சு. மாமா தலையில கை வெச்சுக்கிட்டார். உங்கப்பா என் கையை அழுத்தினார். "பாத்தியா, அழிச்சுட்டா. யாரும் கேக்காமலே அழிச்சுட்டா"ன்னார். மூணாவது செட்டுல நீ ஜெயிச்சதை அவர் பாத்தாரான்னு எனக்குச் சொல்லத் தெரியலை. கண்ணு திறந்துதான் இருந்துச்சு, மூஞ்சியில சிரிப்பு இருந்துச்சு. ஆனா அவருக்கு எல்லாம் அங்கயே முடிஞ்சு போச்சு. ஒரு மணி நேரம் கழிச்சு அப்படியே போயிட்டார்.

அத்தனை பெரிய கப்பு கைக்கெட்டற தூரத்துல இருக்கறப்ப, ஒரு தடத்துக்காகப் பொய் சொல்லாதவ, என்கிட்ட எப்படிப் பொய் சொன்னா? இதுதான் கண்ணு அஞ்சு வருஷமா என்னை அரிச்ச கேள்வி. சட்டை தெக்கறப்ப கேப்பேன், பட்டன் வெக்கறப்ப கேப்பேன். ரெண்டும் ஒரே பொண்ணா இருக்க முடியாதேன்னு கேப்பேன். புதன்கிழமை பதில் வந்துச்சு. ஒரே பொண்ணுதான்.

ஐம்பத்தொன்பது வயசுல முதல் தடவையா எனக்கு ஆண்டவனைப் பாத்து பயமா இருக்கு. இத்தனை நாள் அவர்கிட்ட பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி பேசிட்டேன். அது குடுங்க, இது குடுங்க, ஏன் குடுக்கலைன்னு. அவரோ ஒரு ரப்பர் பேண்டை வெச்சு எவ்வளவு பெரிய காரியத்தைச் செஞ்சிருக்கார். உங்கப்பா கேட்டதைக் குடுத்தார். நான் மனசுக்குள்ள கேட்டதையும் தள்ளலை. வந்துடுன்னுதானே கேட்டேன். அதை இப்போ குடுக்கறார். மூணு நாளா அவர் முன்னாடி போய் நிக்கறேன், ஒரு வார்த்தை வர மாட்டேங்குது. என் வாயை மூட வெச்சது உலகத்துல அவர் ஒருத்தர்தான்னு மாமா சொல்றார்.

நீ எழுதின அந்த ஒரு வரி. அதைப் பத்தி நீயும் பேச வேண்டாம், நானும் பேச மாட்டேன். தெரியாம எழுதினே. நீ கேக்கறதுக்கு முன்னாடியே, கடிதத்தைப் படிச்சு முடிச்ச நிமிஷமே அது அழிஞ்சு போச்சு. உன்கிட்ட இருந்து கத்துக்கிட்டேன், ஷூவால தேச்சு அழிச்சுட்டேன்.

நீ விடற வரைக்கும் உன் ஆட்டத்தைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கடிதம்தான் நிறுத்தினேன். நீ முட்டியைப் பிடிச்சுக்கிட்டுக் கீழ உக்காந்த அன்னைக்கு மெஷின் ஊசி என் விரல்ல ஏறிடுச்சு, தழும்பு இருக்கு. அப்பவும் நீ சொருகின பந்தைத்தான் திட்டினேன். அந்தப் பதினாறு பொண்ணுங்களுக்கும் இடுப்பளவு எடுத்துக்கிட்டு வா. நல்ல துணி வாங்கி வெச்சிருக்கேன், பச்சை. எல்லாத்துக்கும் வலது பக்கம் பாக்கெட் வெச்சுத் தெச்சுத் தர்றேன். உன்கிட்ட ஆடற ஒரு பொண்ணும் டவுசருக்குள்ள பந்தைச் சொருகக் கூடாது.

அப்பா தொப்பியும் விசிலும் பெட்டியில பத்திரமா இருக்கு. காலையில உருளை இழுக்கறவ தலையில அந்தத் தொப்பி இருக்கட்டும்.

இதுக்குப் பதில் எழுதாதே. வா.

உன் அத்தை

பின்குறிப்பு: இந்தத் தடவை கவர் மேல சிவப்பு மையில கொட்டை எழுத்துல எழுதியிருக்கேன், "ஜெயிச்சாலும் தோத்தாலும் கைக்குக் கிடைச்சதும் பிரி"ன்னு. தபால் ஆபீஸ்ல அந்தம்மா படிச்சுட்டு, "யாருங்க இது, ஆடறவங்களா?"ன்னு கேட்டாங்க. ஆடினவ, இப்போ கோர்ட்டைப் பாத்துக்கறா, என் பொண்ணுன்னு சொன்னேன்.